மூணு நூல்

மெஹர்னிசாவுக்கு அந்த வாரம் முழுக்கத் தலைவலி. காக்களூரில் கரண்ட் பேனல் பெட்டி செய்யும் எங்கள் கம்பெனியில், துளை போடும் மெஷினுக்கென்று சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் மொழி உண்டு. 2003-இல் அதை உருவாக்கியது அவள்தான். ஸ்டோரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அதன் தவறுகளெல்லாம் கடைசியில் என்னிடம்தான் பழைய இரும்பாக வந்து சேரும்.

அப்படி நானூறு தகடுகள் வந்தன. ஓரத்திலிருந்து மூன்று நூல் தள்ளி விழ வேண்டிய துளை, மூன்று மில்லிமீட்டரில் விழுந்து ஓரமே கிழிந்திருந்தது. நூல் என்றால் இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு. மெஷின் ஓட்டும் துளசிராமனுக்கு இருபது வருஷமாகத் தெரிந்த ஒரே அளவு அதுதான். முதலாளி அஸ்கர் அலி விசாரிக்கக்கூட இல்லை. சனிக்கிழமையோடு துளசிராமனை வேலையை விட்டு நிறுத்தக் கடிதம் அடிக்கச் சொல்லிவிட்டார்.

மெஹருக்கு மனசு ஆறவில்லை. வெறும் 3 என்று போட்டாலும் மில்லிமீட்டர் என்று வாயை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளும் மொழி மேல்தான் குற்றம் என்றாள். நீளம் கேட்கும் இடத்தில் வெறும் எண் வந்தால் ஏற்காதே, மில்லிமீட்டரா இஞ்ச்சா என்று சேர்ந்து வந்தால்தான் ஓடு என்று புதுக் கட்டுப்பாடு ஒன்றைச் சேர்த்தாள். மூன்று நாள் பிடித்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே அவளோடு மணவாள நகர் வீட்டுக்குத் திரும்பிப் போனது.

வெள்ளிக்கிழமை பழைய புரோகிராம்களை அதில் ஓட்டிப் பார்த்தாள். அறுபத்தொன்று நின்றன. அந்த நானூறு தகட்டின் புரோகிராமும் நின்றது. அதன் தலையில் எழுதியவர் பெயர்: மெஹர். துளசிராமன் மூணு நூல் என்று வாயால் சொல்ல, அவசரத்தில் வெறும் 3 தட்டியவள் இவளே. அது தெரிந்தும் அந்த மனுஷர் வாய் திறக்கவில்லை.

நேராக முதலாளியிடம் போனாள்.

"சார், அந்த 3 நான் போட்டது. லெட்டர்ல எம் பேரைப் போடுங்க."

அந்த மொழி தெரிந்த ஆள் கம்பெனியில் வேறு யாரும் இல்லை. முதலாளி கடிதத்தைக் கிழித்துப் போட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. துளசிராமன் தப்பு என்றால் வேலை போகும், அவள் தப்பு என்றால் கடிதம் கிழியும். இனி நூல் கீல் எல்லாம் வேண்டாம், மில்லிமீட்டரும் இஞ்ச்சும் போதும் என்றும் முதலாளி அவளிடம் சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை மெஷின் ஓடவில்லை. துளசிராமன் வந்து அவள் மேஜை முன்னால் நின்றார்.

"இன்னா மேடம், மில்லிமீட்டரா இஞ்சான்னு கேட்டுக்கினே கீது. நூலு எங்க?"

மெஹர் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள். மொழியில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள்: ஒரு நூல், 3.175 மில்லிமீட்டர். முதலாளியிடம் கேட்கவில்லை.