சைக்கிள் சுற்றிக் கேட்ட பாட்டுகள்

எங்கள் அண்ணன் சங்கானையில் பிறந்து, பாரிசில் லா சப்பலுக்கு அருகில் நெடுங்காலம் வாழ்ந்து, இங்கேயே கண்ணை மூடினார். அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். நான் அவருடைய ஒரே தம்பி. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. சபையில் பேசவும் எனக்கு வராது. அண்ணி கேட்டதால் எழுதுகிறேன்.

அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. அன்றே குடும்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கடையில் சேர்த்தவரும் அவர்தான். "உனக்குப் படிப்பு ஏறாது. மூட்டை தூக்கு" என்றார். நான் வகுப்பில் முதலாவதாக வந்த வருடம் அது.

அப்பா விட்டுப்போனவற்றில் ஒரு படத்தின் பாட்டுக் கசெட் இருந்தது. ஆறு பாட்டுகள். போர்க்காலம் என்பதால் ஊரில் அப்போது மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து கசெட் போடும் ரேடியோவுக்கு வயர் இழுத்துத்தான் பாட்டுக் கேட்போம். எங்கள் வீட்டில் கேட்பவர் அண்ணன், சுற்றுபவன் நான். பகல் முழுவதும் மூட்டை தூக்கிய கை ஆறாவது பாட்டில் சோர்ந்துவிடும். பாடகரின் குரல் தடித்து, இழுபட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். வேகம் போதாதென்று அண்ணன் கண்ணை மூடியபடியே காலால் உதைப்பார்.

"கெதியாச் சுத்தடா, மாடு. செத்தவீட்டுப் பாட்டே போடுறாய்?"

அந்தப் பாட்டுக்கு அவர் அழுவார். அதை நான் பார்த்துவிட்டால் அதற்கும் ஓர் உதை.

பிறகு பாரிசுக்கு வந்து, உணவகச் சமையலறையில் வெந்து உழைத்து, அக்காமார் இருவருக்கும் கலியாணம் செய்துவைத்தார். என்னையும் கூப்பிட்டுத் தன்னுடைய சமையலறையிலேயே பாத்திரம் கழுவ விட்டார். ரூ பெர்தொனே தெருவில் தேநீர் குடிக்கும்போது நண்பர்களிடம் என்னைக் காட்டி, "இவன்தான் என்ரை டைனமோ. உதைச்சால்தான் ஓடும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் வாயால் என்னைப்பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டுமென்று எனக்கு ஆசை இருந்தது. அது நடக்கவில்லை.

புற்றுநோய் அவரை எலும்பாக்கியது. ஒருநாள் ஆஸ்பத்திரியில், "அப்பான்ரை கசெட்டைப் போடடா" என்றார். அந்தக் கசெட் ஊரிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டுகளை அவர் கேட்டதே இல்லை. நான் போனில் தேடி, ஆறாவது பாட்டை அவர் காதருகில் வைத்தேன்.

"ஆரடா இவன்? பஸ்சைப் பிடிக்க ஓடுறவன் மாதிரிப் பாடுறான்."

"அதே ஆள்தான் அண்ணை."

"உனக்கு ஒண்டும் தெரியாது. எப்பவும் தெரியாது."

அவருடைய மகள் போனில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். சொற்கள் விலகினவே தவிர குரல் தடிக்கவில்லை. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குத் தெரிந்த பாட்டு என்னுடைய சோர்ந்த கை பாடிய பாட்டு.

பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் அதே கசெட்டும் பழைய ரேடியோவும் இருந்தன. வாங்கிவந்து, தீரும் நிலையிலிருந்த பற்றரிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். குரல் கிணற்றுக்குள் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பாட்டுத் தொடங்கியது. அண்ணன் கண்ணைத் திறந்தார். கண்ணீர் வழிந்தது. அண்ணி தாதியைக் கூப்பிட வெளியே போனார். அண்ணன் என்னைப் பார்த்து வாயை அசைத்தார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். போர்வைக்குள் அவருடைய கால் ஒருமுறை உதறியது.

"கெதியாச் சுத்தடா, மாடு."

அதன்பின் அவர் பேசவில்லை. அடுத்த நாள் காலை உயிர் பிரிந்தது. கடைசியாக "முருகா" என்றார் என்று அண்ணி உங்களுக்குச் சொல்லியிருப்பார். அண்ணி அப்போது அறையில் இல்லை.

அண்ணனைப் பராமரித்த தாதிமாருக்கும், சமைத்து அனுப்பிய அயலவருக்கும், இறுதிக் கிரியைகளில் கூட நின்ற உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரேடியோ தந்த நண்பருக்கும் நன்றி. அதைப் புதுப் பற்றரி போட்டுத் திருப்பித் தருவேன். அக்காமாரைக் கரைசேர்த்ததற்கும் என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதற்கும் அண்ணனுக்கு நன்றி சொல்கிறேன். மற்றவற்றுக்குச் சொல்ல எனக்கு வரவில்லை.