கோட்டைவிளைக்கு ஏறிப்போன வழி

கேரள எல்லையில் உள்ள பாறசாலைப் பக்கத்தில் யாரும் நம்மிடம் தெருப் பெயரைக் கேட்பதில்லை. வீட்டுப் பெயரைக் கேட்கிறார்கள். நான் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டில் பிறந்தவள். எங்கள் ஊரில் ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இங்கோ ஒவ்வொரு வீடும் விளை என்று இவர்கள் சொல்லும் தோட்டத்துக்கு நடுவில், மரச்சீனிக் கிழங்கும் ரப்பரும் சூழத் தனியாக இருக்கிறது. வந்த புதிதில் சாயாக்கடைக்காரர் வீட்டுப் பெயரைக் கேட்டார். எங்கள் வீட்டுக்குப் பெயரில்லை என்றேன். அவர் பரிதாபப்படுவது போலிருந்தது. உடனே என் பெயரை எம்.ஏ., பி.எட். என்ற பட்டங்களோடு சேர்த்துச் சொன்னேன். அவர் சாயாவை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "அப்ப பாண்டி டீச்சர்" என்று முடித்துக்கொண்டார். அதுவே என் பெயராகிவிட்டது. இவர்களும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனாலும் ஆரல்வாய்மொழிக்கு அப்பால், பாண்டிநாட்டிலிருந்து வருகிறவர்களின் தமிழ் இவர்களுக்கு வேறு தேசத்துப் பேச்சு.

மே மாதம் பள்ளிக்கு விடுமுறை என்று பெயர்தான். ஆசிரியர்கள் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கப் போக வேண்டும். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுவார்கள். பிள்ளைகள் குறைந்தால் வகுப்பு கலையும், அந்த ஆசிரியருக்கு வேலை போகும். அதனால் பையும் குடையும் வாங்கிக்கொண்டு போய் முற்றத்தில் நின்று அழைக்கிறார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னைச் சேர்க்க என் அப்பா தலைமையாசிரியர் வீட்டு வாசலில் காலையிலிருந்து நின்றார். இங்கே ஆசிரியர் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த வருடம் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுக்கு ஒரு பிள்ளை குறைந்தது. அது என் வகுப்பு.

கோட்டைவிளை என்ற வீட்டில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி உண்டு என்று தையல் டீச்சர் ஸ்டெல்லா சொன்னார். அவர் இங்கே செங்கல் என்ற ஊர்ப்பக்கத்துக்காரர். குடையும் அவர் கையில்தான் இருந்தது. நான் தொடவில்லை. ரப்பர் மரங்களுக்கிடையே குன்றில் ஏறினோம். சரிவெங்கும் ரப்பருக்காகத் தட்டுத் தட்டாக வெட்டியிருந்தார்கள். பாதி உயரத்தில், அந்தத் தட்டுகளோடு சேராத நீண்ட மண்மேடு ஒன்று குன்றைச் சுற்றி வளைந்து போனது. அதற்கு வெளியே தூர்ந்துபோன அகழி, அதில் மரச்சீனி நட்டிருந்தது. மேட்டின் மேல் ஆள் நடக்கும் தடம். யார் கட்டியது என்று கேட்டேன்.

"பண்டு ராஜா கெட்டின மண்கோட்டையாக்கும்" என்றார் ஸ்டெல்லா. "எதுக்குன்னு தெரியுமா மக்கா? உங்க ஆளுவ உள்ள வராம இருக்கதுக்கு."

"நான் வந்துவிட்டேனே."

"அதான், கோட்டை இடிஞ்சுபோச்சில்லியா!"

அவர் மூச்சு வாங்கச் சிரித்தார். அந்தக் கதை உண்மையா என்று பிறகு பலரிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

வீட்டின் முற்றத்தில் தங்கம் என்ற பெண் ரப்பர் ஷீட்டைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் ஷீபா எங்களைக் கண்டதும் குடையைத்தான் பார்த்தாள். கணவர் செல்லப்பன் ரப்பர் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டியபடி கேட்டார்: "தமிழ் படிச்சா எம்பிள்ளைக்கு என்ன கெதி டீச்சர்?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் பேசினேன். என் அம்மாவும் அப்பாவும் கைநாட்டு வைப்பவர்கள் என்பதையும், தீப்பெட்டி ஒட்டப் போயிருக்க வேண்டிய நான் படித்ததையும், தன்னந்தனியாக மாநிலம் கடந்து வந்து கைநீட்டிச் சம்பளம் வாங்குவதையும் சொன்னேன். இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் நான் யார் என்று கேட்டேன். நன்றாகப் பேசினேன் என்றே இன்றும் நினைக்கிறேன். தங்கம் ஷீட்டை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டியளா? பொம்பளப்பிள்ள ஒத்தைக்கு வந்து ஜெயிச்சிருக்கா" என்றாள் கணவரிடம். "டீச்சர் சொல்லியது உள்ளதாக்கும். நாம வீட்டுல பேசியதையே படிச்சிட்டு இங்கயே கெடந்தா போராது. இவ மலையாளம் படிக்கட்டு. அங்கோட்டுப் போனாத்தான் ரெட்சப்படுவா."

செல்லப்பன் தலையாட்டினார். "செரி, உங்க பள்ளிக்கூடத்துலயே சேக்கியோம் டீச்சர். மலையாளத்துல."

எல்லாம் நானே சொன்னதுதான். ஷீபா குடையை விரித்து முற்றத்தைச் சுற்றி ஓடினாள். இறங்கும்போது ஸ்டெல்லா, "இவ்வளவு நல்லா பேசியிருக்காண்டாம் மக்கா" என்று மட்டும் சொன்னார்.

ஜூனில் தலை எண்ணினார்கள். என் வகுப்பு கலைந்தது. பிள்ளைகளைத் தமிழ்ப் பிரிவு உள்ள வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். மலையாளம் எழுதப் படிக்கத் தேறினால் வேறு ஓர் இடத்தில் வைத்துக்கொள்வதாகப் பள்ளி மேனேஜர் சொன்னார். ஓணம் வரை அவகாசம். ஊருக்கு எழுதினேன். அப்பா யாரையோ கொண்டு பதில் எழுதியிருந்தார்: வந்துவிடு, இங்கே எல்லாரும் உன்னை மலையாளத்து டீச்சர் என்றுதான் விசாரிக்கிறார்கள்.

நான் போகவில்லை. இப்போது மலையாள ஒன்றாம் வகுப்பில், முழங்கால் இடிக்கும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, டீச்சர் போர்டில் எழுதுவதைப் பார்த்து எழுதுகிறேன். ஷீபா சில நேரம் வந்து என் சிலேட்டை எட்டிப் பார்க்கிறாள். "இப்பிடி இல்ல டீச்சர், இங்கோட்டு வளைக்கணும்" என்று எனக்குத் தமிழில் மலையாளம் சொல்லித்தருகிறாள். அவள் சொன்னபடியே மலையாள அகரத்தைத் தொடங்குகிறேன். முதல் சுழி சரியாகத்தான் வருகிறது. பாதி வழியில் கை தானாகத் திரும்பி நம் அகரமாகிவிடுகிறது. அவள் அதைத் தன் உள்ளங்கையால் அழிக்கிறாள்.