தாம்பாளத்தில் பிரியாத நூல்

நேற்று என் மகள் கைபேசியில் செல் பிரிவதைக் காட்டினாள். வண்ணவண்ணமான குரோமோசோம்கள் சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போயின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும்போது நாங்கள் செய்த செல், பிரியவே மாட்டேன் என்று மல்லுக்கு நின்றது.

அது எங்கள் வீட்டுப் பித்தளைத் தாம்பாளம். எவ்வளவு தேய்த்தும் மஞ்சள் வாசனை போகவில்லை. அதற்குள் கிடந்த பச்சை நூலும் சிவப்பு நூலும்தான் குரோமோசோம்கள். இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து நடுவில் லேசாக முடிய வேண்டும், இழுத்தால் பிரிய வேண்டும். பச்சை என் பொறுப்பு. சிவப்பை முடிந்தவள் என் பெஞ்சுத் தோழி சுகந்தி. சௌராஷ்டிர வீட்டுப் பெண், அம்மாவோடு உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுப் பழகிய கை. சாயத்தில் முக்கினாலும் அவிழாத முடிச்சுதான் அந்தக் கைக்குத் தெரியும்.

டீச்சர் எங்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொன்னார். என் பச்சை பல்லிளித்துக்கொண்டு அவிழ்ந்தது. சிவப்பு அசையவில்லை. நான் தம் கட்டி இழுத்ததில் இரண்டு இழையும் என் பக்கமே வந்துவிட்டன. வகுப்பே சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "நெசத்துலயும் இப்படி நடக்கும்டி. கருமுட்டை உண்டாகும்போது ஒண்ணு பிரியாம ஒரே பக்கம் போயிரும். பிறக்குற பிள்ளைக்கு ஒண்ணு கூடிரும். பேச்சு, நடை எல்லாம் மெதுவாத்தான் வரும்."

சுகந்தியின் தம்பி பாபு அப்படிப்பட்ட பிள்ளை. மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி என்று சொந்தக்காரர்கள் அவள் அம்மாவைக் குத்திக் காட்டாத விசேஷம் இல்லை. அதனாலேயே அந்த அம்மா எங்கும் போவதில்லை.

சுகந்தி எழுந்தாள். "அப்ப எங்கம்மா மேல தப்பு இல்லையா டீச்சர்?"

"யாரு மேலயும் இல்லம்மா."

சாயங்காலம் அந்த நூலைக் கையில் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். அம்மாவிடம் அவர்கள் பாஷையில் படபடவென்று சொன்னாள். எனக்குப் புரிந்தது குரோமோசோம் என்ற ஒரே சொல்தான். அந்த அம்மா முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் தமிழில், "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார்.

அந்தச் சித்திரைத் திருவிழாவுக்குப் பாபுவின் கையைப் பிடித்துக்கொண்டு வைகை ஆற்றுக்கே வந்துவிட்டார். பாபு என்னைக் கண்டதும், "மாப்ள" என்று கத்தினான். ஆண், பெண், டீச்சர் எல்லோருமே அவனுக்கு மாப்ளதான். அன்று கூச்சத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தாம்பாளத்தை எந்தப் பாத்திரக்கடையில் போட்டோமோ தெரியவில்லை. சுகந்தி வீடு இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். பாபு போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. மதுரைக்குப் போனால் தெருவுக்குத் தெரு மாப்ள, மாப்ள என்று கேட்கிறது. ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறேன். யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.