எண்ணெய் தேய்த்த டயர்

மஸ்கட்டிலிருந்து அற்புதம் போன் செய்தால் முதல் விசாரிப்பு வண்டிக்குத்தான். கட்டின புருஷன் சின்னப்பராஜுக்கு அடுத்த இடம். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் அந்த மனிதர் இதற்கெல்லாம் கோபப்படுகிறவர் இல்லை. அவள் விசாரிக்கிற பொருளையாவது நன்றாக வைத்திருப்போம் என்று இருந்துவிட்டார்.

பழைய வண்டியாக வாங்கி, அதில்தான் அற்புதம் கார் ஓட்டப் பழகினாள். நர்ஸ் வேலைக்குக் கிளம்பிய அன்று விமான நிலையம் வரை அவளே ஓட்டினாள். அதற்குப் பிறகு சின்னப்பராஜ் வண்டியை ரோட்டில் இறக்கவே இல்லை. ஓட்டினால் தேய்ந்துவிடுமாம். கம்பெனிக்குப் பஸ்ஸில் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியைக் கழுவி, நாலு டயருக்கும் தேங்காயெண்ணெய் தேய்த்து, கேட் வரைக்கும் ஓட்டி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார்.

"ஏனுங்க, புள்ளைக்குத் தண்ணி வாத்தாச்சுங்களா?" என்று தெருவே கேட்கும்.

வருசக்கணக்காகத் தள்ளித் தள்ளிப்போன லீவு ஒருவழியாகக் கிடைத்து, அற்புதம் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். வியாழக்கிழமை காற்றுப் பிடிக்க வந்த பஞ்சர் கடைச் செங்கோடன், டயரை விரலால் அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இதுல போவாதீங்கண்ணா. பக்கவாட்டுலயெல்லாம் வெடிப்பு உட்டுக் கெடக்குது."

"ஓடவே இல்லையேப்பா! பட்டனெல்லாம் தேயாம அப்படியே இருக்குது பாரு."

"பல்லு விழுகலீன்னா வயசாகலைன்னு அர்த்தமுங்களா? இந்தா, தயாரிச்ச வருசம் போட்டிருக்குது பாருங்க. அக்கா ஊருக்குப் போறப்பவே இது பழசு. வெயில்லயே நிக்குது, போதாததுக்கு எண்ணெய் வேற! ரப்பர் இத்துப் போவாதுங்களா?"

சின்னப்பராஜுக்குச் சுருக்கென்றது. அவள் கடைசியாக ஓட்டிய டயர். அதைப் போய்க் கழற்றுவதா? செங்கோடன் சொன்னது பொய்யென்று காட்ட, மறுநாள் காலை துடியலூர்ப் பக்கம் வண்டியை விட்டார். வேகம் பிடித்ததும் முன்பக்க இடது டயர் படாரென்று வெடித்தது. வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி எப்படியோ மண் ஓரத்தில் நிறுத்தினார். எதிரே இருந்த பேக்கரியிலிருந்து ஆட்கள் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். அவருக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் ஸ்டீயரிங்கை விட்டுக் கை வரவில்லை.

நாளைக்கு இது அவள் கையில் இருந்திருக்கும்.

"நாலையும் மாத்திருப்பா" என்றார் போனில். செங்கோடன் சொல்லிக் காட்டவில்லை. அதுவே பெரிய விஷயம்.

விமான நிலைய வாசலில் அற்புதம் இளைத்துப்போய் வந்தாள். காதோரம் நரை. வண்டியை மட்டும் அப்படியே வைத்திருந்து என்ன பண்ண என்று நினைத்துக்கொண்டார். சாவியை நீட்டினார்.

பீளமேட்டு நெரிசலில் ஊர்ந்தபடி அவள் கேட்டாள்: "டயரெல்லாம் புதுசாட்ட இருக்குதுங்க?"

"பழசு வெடிச்சுப்போச்சு, அம்மணி." நடந்ததைச் சொன்னார்.

அவள் ஒரு கையை எடுத்து அவர் தோளை, முழங்கையைத் தடவிப் பார்த்தாள்.

"இது எத்தன வருசத்துக்குத் தாங்குமாமுங்க?"

"அஞ்சாறு வருசம்னான்."

"இத மாத்தறதுக்குள்ள ஒரேயடியா ஊருக்கே வந்துர்றனுங்க."

சின்னப்பராஜ் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு வருசம்தான் தாங்கும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.