ஆய்வகப் பொறுப்பு

அடையாறில் நான் பணிபுரியும் பல்கலைக்கழகத்தில், எங்கள் இயற்பியல் துறையில் நான் ஒருத்திதான் பெண். விருந்தினர் வந்தால் பூங்கொத்து கொடுப்பதும் பட்டுப்புடவையில் வந்து நன்றி சொல்வதும் என் வேலை என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே அப்படி ஆகியிருந்தது. மற்றவர்கள் சேர்ந்து வெளியே டீ குடிக்கப் போவார்கள். என்னை வாங்க என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை.

போன வருடம் ஆய்வகப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றார். பணிமூப்பில் அடுத்தது நான். ஆனால் துறைக் கூட்டத்தில் தலைவர், எனக்கு மிகவும் பிந்தி வேலைக்கு வந்த ஒருவரின் பெயரைச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். டீக்கடையிலேயே பேசி முடித்துவிட்டார்கள் என்று புரிந்தது.

“சீனியாரிட்டிப்படி நான்தானே சார்?” என்றேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சாயங்காலம் லேட்டாகும். வீட்ல சின்னக் குழந்தையை வச்சுக்கிட்டு எதுக்கு உங்களுக்குக் கஷ்டம்?”

“என் பொண்ணு பெங்களூர்ல எம்.எஸ்சி. படிக்கிறா சார். ஹாஸ்டல்ல இருக்கா.”

அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு லீவு நாளில் துறைக்கு அழைத்து வந்திருந்தேன். அவர்கள் நினைவில் அவள் அதற்குமேல் வளரவே இல்லை. கோபத்தைவிட எனக்கு அழுகைதான் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அந்த இளையவர் என்னிடம், “நீங்க கேட்டது சரிதான் மேடம்” என்றார்.

“அதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே.”

“எப்படி மேடம்...” என்று இழுத்தவர், செல்போனை எடுத்துப் பார்த்தபடி நகர்ந்துவிட்டார்.

பதிவாளரைப் போய்ப் பார்த்து முறையிட்டேன். பொறுப்பு எனக்கே வந்தது. அன்றிலிருந்து எல்லாரும் என்னிடம் ரொம்ப மரியாதையாக இருந்தார்கள். நான் உள்ளே நுழைந்தால் சிரிப்புச் சத்தம் நின்றுவிடும்.

ஒரு மாலை, ஆய்வகத்தைக் கூட்ட வந்த அம்மா கேட்டார்: “இன்னா மேடம், இன்னும் கெளம்பலயா? ஊட்ல தேட மாட்டாங்க?”

“வீட்ல யாரும் இல்லம்மா. அவருக்கு மஸ்கட்ல வேலை.”

“அப்ப தனியாவா கீறீங்க?”

ஆமாம் என்றேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னோடு நின்றார். பிறகு, பெரும்பாக்கம் பஸ் போய்விடும் என்று கிளம்பினார். நான் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்தேன்.