ஒரே உயரத்தில் இரண்டு ஜோடி

என் சித்தியை வெளியில் பார்ப்பவர்களுக்கு ஒரு உயரம், வீட்டுக்குள் பார்க்கும் எங்களுக்கு இன்னொரு உயரம். வித்தியாசம் மூன்று விரல்கடை. இதை அவரிடம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். "உங்களுக்கெல்லாம் பொறாமை" என்று மட்டும் சொல்வார்.

சித்தி ஒரு கண் மருத்துவமனையில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறார். அங்கே கவுன்ட்டர் என்பது மார்பளவுக்குக் கட்டிய கல்மேடை. வேலைக்குச் சேர்ந்த அன்று சித்தி தட்டைச் செருப்போடு அதன் பின்னால் போய் நின்றிருக்கிறார். கண் காட்ட வந்த ஒருவர், சித்தியின் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "இங்க யாரும் இல்லையா?" என்று கேட்டாராம். பாவம், அவருக்குக் கண்ணில் கோளாறு என்று சித்தி இன்றுவரை சாதிக்கிறார். ஆனால் அன்று மாலையே போய் ஒரு ஜோடி வெட்ஜ் செருப்பு வாங்கிக்கொண்டார்.

வெட்ஜ் என்றால் குதிகாலிலிருந்து முன்பாதம் வரை இடைவெளியே இல்லாமல் ஒரே கட்டையாகச் சரியும் அடிப்பாகம் உள்ள செருப்பு. குச்சி ஹீல்ஸ் சித்திக்கு ஆகாது. "டக்கு டக்குனு நடந்தா, கண்ணைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கிறவங்க ஒவ்வொரு தடவையும் திடுக்குனு திரும்புவாங்கடி. பாவம் இல்லையா?" என்பார். சாக்கடை மூடியின் ஓட்டையில் குச்சி மாட்டிக்கொண்டு நடுத்தெருவில் ஒற்றைக்காலில் நின்ற கதையைச் சித்தப்பாதான் சொல்வார்.

மருத்துவமனையில் சாம்பல் நிற பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் சீருடை. சித்தி தன் பேன்ட்டுகள் எல்லாவற்றையும், வெளியில் போட்டுக்கொள்பவற்றையும் சேர்த்து, அந்த மூன்று விரல்கடை உயரத்துக்கு மடித்துத் தைத்து வைத்திருக்கிறார். துணி செருப்பை மூடித் தரையை உரசாமல் உரச வேண்டும். முன்பக்கம் பாதத்தின் நுனி மட்டும் தெரிய வேண்டும். அதனால் எத்தனை ஜோடி வாங்கினாலும் உயரம் மட்டும் மாறக் கூடாது. செருப்புக் கடையில் ஒவ்வொரு செருப்பையும் கவிழ்த்து, குதிகால் பக்கம் விரல்களை வைத்து அளப்பார்.

"ஸ்கேல் கொண்டாரட்டுமா மேடம்?" என்று ஒருமுறை கடைக்காரர் கேட்டார்.

"எதுக்குண்ணா? உங்க ஸ்கேல் என் பேன்ட்டைப் பார்த்திருக்கா?"

நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்லூரியில் இடம் கிடைக்கிறதா என்று காத்துக்கொண்டு சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சும்மா இருப்பவளுக்குப் பாடம் எடுப்பது சித்திக்குப் பிடிக்கும். கேஷுவலுக்கு என்ன, ஃபார்மலுக்கு என்ன என்று நான் கேட்காமலே சொல்லிக் கொடுத்தார். ஊர் சுற்ற, கடைக்குப் போக, யார் வீட்டுக்காவது போக என்றால் கார்க் அடியோ சணல் கயிறு சுற்றிய அடியோ போதும். விரல் தெரியலாம், நிறம் இருக்கலாம், பின்னால் வார் இருந்தால் நடக்கும்போது கழன்று போகாது. வேலைக்கும் மரியாதையான இடத்துக்கும் என்றால் விரல் மூடியிருக்க வேண்டும். மேலே என்ன தோலோ அதே தோல் அடிக்கட்டையையும் போர்த்தியிருக்க வேண்டும். பளபளக்கும் பக்கிள் கூடாது.

"செருப்பு பேசக் கூடாது. நாமதான் பேசணும்" என்பார். பேசுவதில் சித்திக்குக் குறை வந்ததில்லை.

அந்தச் சமயத்தில் ரிசப்ஷன் பொறுப்பாளர் பதவி காலியானது. போன முறை அது காலியானபோது வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டு வந்து வைத்தார்கள். கம்ப்யூட்டரில் சீட்டுப் போடுவது முதல் எந்த டாக்டர் எப்போது சிடுசிடுப்பார் என்பது வரை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே சித்திதான். "இந்தத் தடவையும் இல்லைன்னு சொன்னா நான் வேலையையே விட்டுடுவேன்" என்று சித்தி சொன்னார். சிரிக்காமல் சொன்னார். சித்தப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பொறுப்பாளரின் வேலைகளில் ஒன்று, காலையில் எல்லோருடைய சீருடையையும் சரிபார்ப்பது. அங்கே விதி கறாரானது. கருப்புச் செருப்பு, விரல் மூடியது. அதில் மேனேஜர் மேடம் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

நேர்காணல் நாள் காலையில் சித்தி கண்ணாடி முன்னால் நின்றார். புதிய கருப்பு ஃபார்மல் ஜோடி கொஞ்சம் கடித்தது. பழைய அடர்பழுப்புக் கேஷுவல் ஜோடி மெத்தென்று இருந்தது. அதுவும் மூடிய விரல்தான், ஆனால் அடியில் சணல் கயிறு. "தூரத்துல இருந்து பார்த்தா கருப்பு மாதிரிதானே இருக்கு?" என்று என்னைக் கேட்டார். வலது காலில் கருப்பையும் இடது காலில் பழுப்பையும் போட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பினார்.

"எதுடி நல்லாருக்கு?"

"சித்தி, ரெண்டுமே பேன்ட்டுக்குள்ள இருக்கு. எனக்கு என்ன தெரியும்?"

அதற்குள் வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. சித்தி அப்படியே கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினார். என் கண்ணாடிக்குப் பவர் பார்க்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். வேறு யாராக இருந்தாலும் நாலு அடி வைப்பதற்குள் நொண்டித் தெரிந்துகொண்டிருப்பார்கள். சித்தியின் செருப்புகளோ விரல் வைத்து அளந்து வாங்கியவை. ஆட்டோவில் ஏறினார், இறங்கினார், படி ஏறினார், ஒன்றும் தெரியவில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டபோதுதான் பேன்ட் மேலேறியது.

"ஐயையோ" என்றார் சித்தி. கூடவே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டார். "என்னங்க, கண்ணாடி கிட்ட என் செருப்பு ஒத்தை கிடக்கும். அதை உடனே கொண்டாங்க."

"இங்க ரெண்டு ஒத்தை கிடக்கே. எது?"

சித்தி வாயைத் திறக்கும் நேரத்தில் மேனேஜர் மேடம் கவுன்ட்டர் அருகில் வந்து நின்றார்.

"ஆமா சார், டாக்டர் பத்து மணிக்கு வந்துடுவார்" என்றார் சித்தி போனில்.

"எந்த டாக்டர்? யாருக்கு என்ன ஆச்சு?" என்று சித்தப்பா அலறியது எனக்கே கேட்டது.

"சீக்கிரம் வாங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, மேனேஜரைப் பார்த்து அழகாகச் சிரித்தார். அவர் நகர்ந்ததும் என்னிடம் சொன்னார்: "நான் இந்தக் கல்லை விட்டு நகர மாட்டேன். பூகம்பமே வந்தாலும்."

பூகம்பம் வரவில்லை. ஒரு பெரியவர் வந்தார். கண்புரை ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தார்கள். மகள் மருந்து வாங்க வரிசையில் நிற்க, அவர் எழுந்து தன்பாட்டுக்கு நடந்தார். நேராகக் கண்ணாடிக் கதவை நோக்கி. மூடிய கதவு. துடைத்துத் துடைத்து இருப்பதே தெரியாமல் வைத்திருப்பார்கள். நான் எழுவதற்குள் சித்தி கவுன்ட்டரைச் சுற்றி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துவிட்டார். பெரியவர் தடுமாறாமல் நின்றார். சத்தம் கேட்டு டாக்டர் அறையிலிருந்து வந்தார். மேனேஜரும் திரும்பி வந்தார்.

"என்ன பெரியவரே, புதுக் கண்ணு வந்ததும் கிளம்பிட்டீங்களா? பார்வை எப்படி இருக்கு? எதிர்ல என்ன தெரியுது, சொல்லுங்க பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

பெரியவர் நிதானமாகச் சித்தியைத் தலையிலிருந்து கீழ்வரை பார்த்தார். ஓடிவந்ததில் பேன்ட் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"எல்லாம் பளிச்சுனு இருக்கு டாக்டர். ஆனா ஒரு சந்தேகம். இந்தப் பொண்ணுக்கு ஒரு செருப்பு கருப்பாவும் ஒண்ணு பழுப்பாவும் தெரியுது. இன்னும் மருந்து விடணுமோ?"

டாக்டர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேண்டாம் ஐயா. ஆபரேஷன் நல்லா வந்திருக்கு" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "பத்து நிமிஷத்துல உள்ள வாங்க" என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சித்தியின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. நல்ல வேளையாகச் சித்தப்பா வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பையிலிருந்து வெற்றிப் புன்னகையோடு செருப்பை எடுத்தார். பழுப்பு.

"கருப்பு எங்கே?"

"நீ எதுன்னு சொல்லவே இல்லையே! டாக்டர்னு சொன்னே. கால் வலிக்குதோன்னு நினைச்சேன். இதுதானே உனக்கு மெத்துனு இருக்கும்?"

சித்தி அவரை முறைத்தார். அப்புறம் முறைக்க முடியாமல் விட்டுவிட்டார்.

"பரவாயில்ல சித்தி, இதைப் போட்டா ஜோடியாவது சேரும்" என்றேன்.

சித்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப நான் பாதி விதிப்படி இருக்கேன். இதைப் போட்டா முழுசா விதி மீறல்" என்றார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்று கருப்பும் ஒன்று பழுப்புமாகவே உள்ளே போனார்.

உள்ளே நடந்ததைப் பிறகு சித்தி சொல்லித்தான் தெரியும். அதனால் வீரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "நாளைக்கு ஒரு பொண்ணு இந்த மாதிரி செருப்போட வந்தா என்ன செய்வீங்க?"

"முன்னாடின்னா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் மேடம். இன்னைக்குக் காலையிலிருந்து அனுப்ப மாட்டேன். கவுன்ட்டருக்குக் கீழ எல்லா அளவுலயும் கருப்புச் செருப்பு வாங்கி வெச்சுப்பேன். பத்து மணிக்கு அவ வீட்டுக்குப் போய்ட்டா, கண்ணாடிக் கதவுப் பக்கம் யாரு ஓடுறது?"

மேனேஜர் குனிந்து சித்தியின் கால்களைப் பார்த்தாராம். அப்புறம், "நொண்டாம எப்படி நடந்தீங்க? எனக்கு அதுதான் புரியல" என்று கேட்டாராம். சித்தி விரல்களை நீட்டி, பேன்ட் மடிப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். நேர்காணலில் பாதி நேரம் அதற்கே போய்விட்டது என்று நினைக்கிறேன்.

மாலையில் பதவி சித்திக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா, தான் கொண்டு வந்த செருப்பால்தான் கிடைத்தது என்று எல்லோருக்கும் போன் செய்து சொன்னார். அதைத் தான் போடவே இல்லை என்று சித்தி திருத்தவில்லை.

அடுத்த வாரம், கவுன்ட்டருக்குக் கீழே வைக்கும் செருப்புகளை வாங்க என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். தட்டைச் செருப்புத்தானே வாங்குவார் என்று நினைத்தேன். எல்லாம் வெட்ஜ். எல்லாம் கருப்பு. ஒவ்வொன்றையும் கவிழ்த்து விரல் வைத்து அளந்தார்.

"சித்தி, எல்லாரும் உங்க அளவுக்குக் குள்ளம் இல்ல. அவங்களுக்கு எதுக்கு இந்த உயரம்?"

"கவுன்ட்டர் எல்லாருக்கும் ஒண்ணுதானேடி" என்றார். அதோடு நிற்காமல் என் காலைப் பார்த்து, "நீ காலேஜுக்கு என்ன போட்டுட்டுப் போகப் போற? உட்காரு" என்று ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் ஓடுவதற்குள் கடைக்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார்.