ஒரு அடி அடிச்சிருந்தா

எழுபதுகளின் கடைசியில் நான் திருப்பரங்குன்றத்தில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒல்லியாக, நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருப்பாள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். "சாப்பிட்டீங்களாக்கா? சாப்பிட்டிருப்பீங்க."

அவள் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், சம்பளத்தை அப்படியே கொடுத்துவிடுவார். அவளிடம் பேசுவது மட்டும் கிடையாது. தட்டை நகர்த்தினால் சோறு வேண்டும், கையைக் காட்டினால் போதும்.

ஒரு நாள் காலையில் அவள் துணிப்பையோடு டி. கல்லுப்பட்டியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். சாயங்காலமே திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, உடனே வந்துட்ட?" என்றேன்.

"அடிச்சாரான்னு அண்ணன் கேட்டுச்சு, இல்லன்னேன். வேற பொம்பள இருக்கான்னு கேட்டுச்சு, இல்லன்னேன். பெறகு எதுக்கு வந்தேன்னு கேட்டுச்சு. எனக்குச் சொல்லத் தெரியலக்கா. ஒரு அடி அடிச்சிருந்தா அங்கயே இருந்திருப்பேன்."

அதன்பிறகு அவள் எங்கும் போகவில்லை.

நான் வீட்டைக் காலி செய்த அன்று, அந்த மனிதர் கூப்பிடாமலே வந்து என் பீரோவை வண்டியில் ஏற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றியது. வாசலில் நின்றிருந்த அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே இன்றும் நினைக்கிறேன்.